கடை

பக்கவாதம் வந்த பிறகு அம்மாவிடம் எஞ்சியிருந்த சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேணாம், போதும், தண்ணி, அப்புறம் யாரை அழைக்கிறாள் என்று எங்களுக்குத் தெளிவாகாத ஒரு 'பாப்பா'. என் மகள் பிறந்ததைப் பார்க்கவென்று 2019 ஆகஸ்ட் கடைசியில் பாலக்கோட்டிலிருந்து கிளம்பி, வாழ்நாளில் முதன்முறையாக விமானமேறி, லண்டனுக்கு மேற்கே ரெடிங் நகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவள். அக்டோபரில் ஒரு விடிகாலை குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலக்கையும் பேச்சும் ஒருசேரப் போயின. கூடவே, நாங்கள் அதுவரை ஒரு திறமை என்றே நினைத்திராத ஒன்றும் போயிற்று. விழுங்குதல்.

மூன்று வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். விழுங்கச் சிரமப்படுபவர்களின் உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை தரம் பிரித்து உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அட்டவணை அது. 0 என்பது தண்ணீர், 7 என்பது நாமெல்லாம் உண்ணும் சாதாரண உணவு. அம்மாவுக்கு விதிக்கப்பட்டது 4. கட்டி இருக்கக்கூடாது, மெல்ல வேண்டிய தேவை இருக்கக்கூடாது, முள்கரண்டியில் எடுத்தால் இடுக்கு வழியே ஒழுகக்கூடாது, கரண்டியைச் சாய்த்தால் ஒரே கவளமாக விழ வேண்டும், கரண்டியில் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. விழுங்குதல் பயிற்சி அளிக்க வந்த பெண்மணி இதையெல்லாம் பொறுமையாக விளக்கிவிட்டு, எதில் தொடங்கலாம் என்ற என் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொன்னார். மசித்த உருளைக்கிழங்கு.

ஆங்கிலேயர்களுக்கு அது தாய்ப்பாலுக்கு அடுத்த உணவு. பாலக்கோட்டில் எங்கள் வீட்டிலோ உருளைக்கிழங்கு விருந்தாளி வந்த நாளின் கறி. 1820-களில் ஜான் சல்லிவன் நீலகிரியில் பயிரிட வைத்த அந்தக் கிழங்கு நாடு முழுவதும் பரவிவிட்டபோதிலும், கேழ்வரகும் அவரையும் விளையும் எங்கள் பக்கத்துச் சமையலறையில் அது கொஞ்சம் வெளியூர்க்காரனாகவே இருந்து வந்தது. பூரிக்கு மசாலா, கல்யாணத்துக்கு வறுவல், அவ்வளவுதான். அதை மட்டுமே தனியாக மசித்துக் கிண்ணத்தில் வைத்து ஒருவர் சாப்பிடுவார் என்பதை அம்மா அறிந்திருக்க நியாயமில்லை.

ஆனாலும் மசிப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஊரிலிருந்து சுமந்து வந்த மிக்ஸி இருந்தது. கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து, பால் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டேன். கட்டி ஒன்றுகூட இல்லை. ஆனால் கிண்ணத்தில் இருந்தது உணவு அல்ல, சுவரொட்டிக்குக் காய்ச்சும் பசை. கரண்டியைத் தூக்கினால் நூல்போல இழுத்துக்கொண்டு வந்தது. அதன் பொருளை அப்போது நான் உணரவில்லை. முதல் கவளத்தை ஊட்டினேன். அம்மா விழுங்க முயன்றாள், முடியவில்லை. தொண்டையில் ஒட்டிக்கொண்டதை வெளியே தள்ளவும் முடியாமல், உள்ளே இழுக்கவும் முடியாமல் அவள் இருமிய அந்த ஒரு நிமிடத்தை இன்றும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. முன்னால் குனியவைத்து, வாயில் இருந்ததை விரலால் வழித்தெடுத்த பிறகுதான் மூச்சு சீரானது. கண்ணெல்லாம் நீர். மனைவி கைக்குழந்தையோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

அன்றுதான் அம்மா அந்தச் சொல்லைச் சொன்னாள். கிண்ணத்தை இடக்கையால் தள்ளிவிட்டு, "கடை" என்றாள். பிறகு இடது உள்ளங்கையை விரித்து முன்னும் பின்னுமாக அசைத்தாள். போ போ என்பதுபோல இருந்தது. மறுபடியும், "கடை."

"ஏங்க, அத்தை கடைக்குப் போய் ஏதோ வாங்கிட்டு வரச் சொல்றாங்க போலிருக்கு" என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. புதிதாக ஒரு சொல் திரும்பி வந்திருக்கிறது என்ற மகிழ்ச்சியில் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவும் இல்லை. நான் செய்தது சரியில்லை, கடையில் நல்லதாக வாங்கி வா என்கிறாள். நியாயந்தானே.

இப்படியாக என் கடைத்தேடல் தொடங்கியது. முதலில் பேரங்காடி. மசித்தே டப்பாவில் அடைத்த கிழங்கு, வெந்நீர் ஊற்றினால் மசியலாகும் உலர்ந்த துகள் எல்லாம் கிடைத்தன. அவற்றை அம்மா நாக்கில் வைத்ததும் வேண்டாமென்றாள். மசிக்கும் கருவி என்று கேட்டதற்கு, வளைந்த கம்பியில் கைப்பிடி வைத்த ஒன்றைக் காட்டினார்கள். மாவுத்தன்மை மிகுந்த கிழங்காகப் பார்த்து வாங்குங்கள், 'மாரிஸ் பைப்பர்' அல்லது 'கிங் எட்வர்ட்' என்று அங்கிருந்த ஒரு முதியவர் சொன்னார். முன்னது 1966-இல் கேம்பிரிட்ஜில் உருவாக்கி வெளியிடப்பட்ட ரகம், பின்னது 1902 முதல் இருப்பது என்று அவரே விளக்கியபோது, பொன்னிக்கும் ஐ.ஆர்.எட்டுக்கும் வேறுபாடு சொல்லும் நம்மூர்க் கிழவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கிழங்கு நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தக் கம்பிக் கருவி எவ்வளவு அழுத்தினாலும் சுண்டைக்காய் அளவில் சில கட்டிகளை விட்டுவைத்தது. அம்மாவின் தொண்டைக்குச் சுண்டைக்காயும் பாறைதான்.

அடுத்த ஞாயிறு ரயிலேறி லண்டன் ஈஸ்ட் ஹாமுக்குப் போனேன். ஹை ஸ்ட்ரீட் நார்த் என்ற அந்தத் தெருவில் நடந்தால் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பாத்திரக் கடையில் மத்து இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"மோர் கடையிற மத்தோ தம்பி?"

"இல்லைங்க, பருப்பு, கீரை எல்லாம் மசிக்கிறது. அடியில குமிழ் மாதிரி மரத்துல இருக்குமே. உருளைக்கிழங்கு மசிக்கணும்."

"உது முந்தி ஊரிலை வீட்டுக்கு வீடு இருந்தது. இஞ்சை இப்ப வாறேல்லை. உருளைக்கிழங்கெண்டால் இடியப்ப உரலிலை போட்டுப் பிழியுங்கோவன்."

ஏதோ கையில் இருப்பதை விற்கப் பார்க்கிறார் என்று எண்ணிச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மனிதரிடம் இன்னொரு முறை போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

ரெடிங்கிலேயே ஆக்ஸ்ஃபோர்ட் சாலையில் எல்லா நாட்டு மளிகைக் கடைகளும் வரிசையாக உண்டு. அங்கே நைஜீரியர் ஒருவரின் கடையில், சேனைக்கிழங்கு அடுக்கியிருந்த மேடைக்குப் பின்னால், சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த ஒரு பொருளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஒரு முழத்துக்கு மேல் நீளம், தட்டையான நுனி, கையில் பிடித்துப் பிடித்து வழுவழுப்பானதுபோல் செதுக்கிய காம்பு. எங்கள் வீட்டுக் களித்துடுப்பு! 'ஒமொரோகுன்' என்றார் கடைக்காரர். யொருபா மக்கள் கிழங்கு மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிண்டப் பயன்படுத்துவதாம். கிண்டியதை உருண்டையாக்கி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவார்களாம். ஆப்பிரிக்க மாவு கிடைக்காத காலத்தில் இங்கே வந்து சேர்ந்தவர்கள், பேரங்காடியில் விற்கும் அதே உலர்ந்த உருளைக்கிழங்குத் துகளைக் கிண்டித்தான் சமாளித்தார்கள் என்றும் சொன்னார். நான் தருமபுரி மாவட்டத்துக்காரன் என்பதையும், எங்கள் பக்கத்தில் கேழ்வரகுக் களியையும் மெல்லுவதில்லை, கிள்ளி உருட்டிக் குழம்பில் புரட்டி விழுங்குவோம் என்பதையும் அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஏதோ தூரத்து உறவினரைக் கண்டுபிடித்துவிட்டவர்கள்போலச் சிரித்துக்கொண்டோம்.

அம்மா களி கிண்டுவதைப் பார்த்திருக்க வேண்டும். உலையில் நொய்யைப் போட்டு வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவே துடுப்பின் காம்பால் ஒரு குழி குத்தி, மாவு ஆவியில் வேகும்வரை காத்திருப்பாள். பிறகு பானையை இறக்கி, கால்களுக்கிடையில் அசையாமல் நிறுத்தி, இரண்டு கையாலும் துடுப்பைப் பற்றிக் கிண்டுவாள். தோளிலிருந்து வரும் விசை அது. பாலக்கோடு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிகளுக்கு வழிவிட்டபடி பள்ளியிலிருந்து திரும்பும் எனக்கு, தெருமுனையிலேயே கருகல் வாசத்தில் களியின் பதம் தெரிந்துவிடும். ஒமொரோகுனை வாங்கிக்கொண்டேன். உருளைக்கிழங்குக்கு அது உதவாது என்று தெரிந்தும்தான்.

நான்கு கடை தள்ளி ஒரு போலந்துக்காரர் கடை. அங்கேயும் ஒரு மண்ஜாடியில் மரக்கரண்டிகள் நின்றன. அவற்றின் நடுவே, ஊசியிலை மரத்தின் உச்சிக் கிளையை அப்படியே வெட்டிப் பட்டையுரித்ததுபோல, காம்பின் அடியில் சுற்றிலும் குட்டையான கவைகள் நீட்டிக்கொண்டிருந்த ஒன்று. இது என்ன என்று கேட்டேன். கடையிலிருந்த அம்மையாருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. 'மொந்தெவ்கா' என்றார். எனக்குப் புரியவில்லை என்பதைக் கண்டு, அதன் காம்பைத் தம் இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, முன்னும் பின்னுமாக உருட்டிக் காட்டினார்.

முன்னும் பின்னுமாக.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கைகளில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? விரித்த ஓர் உள்ளங்கை, காற்றில் முன்னும் பின்னுமாக அசைவது. போ போ என்பதுபோல.

அம்மா கடைக்குப் போகச் சொல்லவில்லை. கடையச் சொல்லியிருக்கிறாள். அரைக்காதே, கடை. இரண்டு கை வேண்டிய ஒரு வேலையை ஒற்றைக் கையால் செய்து காட்டியிருக்கிறாள். இரண்டு வாரமாக நான் ஊர் ஊராகக் கடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

மொந்தெவ்கா என்ற அந்தப் போலந்துச் சொல்லும் 'மந்தன' என்ற வடசொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று பின்னர் படித்தேன். பாற்கடலைக் கடைந்ததும் பால்டிக் கடலோரத்தில் சூப்பைக் கடைவதும் ஒரே வினை. ஆனால் அந்த மாலையில் எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. தமிழில் எழுதவும் வாசிக்கவும் ஆசைப்படுகிறவன் என்று சொல்லிக்கொள்பவன் நான். இடிப்பது, அரைப்பது, கடைவது, மசிப்பது, பிசைவது, கிண்டுவது, துழாவுவது, பிழிவது என்று சமையலறையில் ஒவ்வொரு கைவேலைக்கும் ஒரு வினையை வைத்திருக்கும் மொழி இது. ஒவ்வொரு வினைக்கும் ஒரு கருவி. உரலும் உலக்கையும், அம்மி, மத்து, துடுப்பு, அச்சு. மிக்ஸி வந்த பிறகு எல்லா வினையும் 'ஒரு ஓட்டு ஓட்டு' என்பதில் அடங்கிவிட்டது. கருவி பரணுக்குப் போனால் சொல்லும் பின்னாலேயே ஏறிவிடுகிறது போலும். பாலக்கோட்டு மண்டியில் தக்காளி விலை விழுந்து, பறித்த கூலிக்கும் தேறாமல் சாலையோரம் கொட்டிப் போகும் நாட்களில், எங்கள் வீட்டில் மூன்று வேளையும் தக்காளிக் கடைசல்தான். கடைசலைத் தின்று வளர்ந்தவனுக்குக் கடை என்ற வினை விளங்காமல் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த ஈஸ்ட் ஹாம்காரர் சொன்னது சரிதாங்க" என்று சொல்லி, மேலடுக்கிலிருந்து எங்கள் கல்யாணச் சீரில் வந்த முறுக்கு அச்சை எடுத்துக் கொடுத்தாள். இங்கே சமையல் கடைகளில் உருளைக்கிழங்கைப் பிழியவென்றே ஒரு கருவி விற்கிறார்கள். அடியில் துளையிட்ட குழலில் கிழங்கை வைத்து மேலிருந்து அழுத்துவது. அதற்கும் நம் முறுக்கு அச்சுக்கும் கைப்பிடியில்தான் வேறுபாடு.

பிழிவது ஏன் சரி, மிக்ஸி ஏன் தவறு என்பதற்குக் காரணம் எளியது. கிழங்கு வேகும்போது அதன் உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கும் மாவுச்சத்து நீரைக் குடித்து ஊதிப் பசையாகிறது. அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பெக்டின் இளகிவிடுகிறது. மெதுவாக அழுத்தினால் அணுக்கள் உடையாமல், கூட்டிலிருந்து பிரிந்த முத்துகள்போலத் தனித்தனியே நழுவும். அதுதான் மசியல். சுழலும் கத்தியோ அணுக்களைக் கிழித்து உள்ளிருக்கும் பசையை வெளியே கொட்டிவிடுகிறது. அதுதான் சுவரொட்டிப் பசை. இந்த அறிவியல் எதுவும் தெரியாமலேயே, கீரையை அம்மியில் அரைக்காமல் மண்சட்டியில் கடைய வேண்டும் என்று எவளோ ஒருத்தி என்றைக்கோ முடிவு செய்திருக்கிறாள்.

அன்றிரவு கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உரித்து, ஓமப்பொடித் தட்டைப் போட்ட அச்சில் பிழிந்தேன். இழை இழையாக விழுந்தது. வெண்ணெயும் சூடான பாலும் விட்டேன். பாத்திரத்தை அம்மாவின் கட்டிலருகே கொண்டுபோய், தரையில் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவில் நிறுத்தி, மொந்தெவ்காவை இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து மெதுவாகக் கடைந்தேன். அம்மா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று வேகம் கூட்டியபோது, "ம்ஹூம்" என்றாள். குறைத்தேன். "போதும்" என்றபோது நிறுத்தினேன்.

கரண்டியைச் சாய்த்தேன். ஒரே கவளமாக விழுந்தது, ஒட்டவில்லை. முள்கரண்டியிலும் நின்றது. ஊட்டினேன். அவள் தொண்டை மேலெழுந்து இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் மூச்சு விட்டேன். அரைக் கிண்ணம் சாப்பிட்டாள். உப்பு போதவில்லை என்பதை முகத்தைச் சுளித்துக் காட்டினாள்.

அடுத்த வாரம் வந்த பயிற்சியாளர் முறுக்கு அச்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பாராட்டினார். அந்தத் துணிச்சலில் களியைப் பற்றிக் கேட்டேன். அம்மா ஐம்பது அறுபது வருடம் தின்ற உணவு, மெல்லவே வேண்டியதில்லை, அப்படியே விழுங்குவதுதான் என்று கொஞ்சம் உற்சாகமாகவே விளக்கினேன். கொஞ்சம் கிண்டியும் காட்டினேன். அவர் கரண்டியால் எடுத்துச் சாய்த்தார். களி விழவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அப்போதும் விழவில்லை. "ஆரோக்கியமான தொண்டைக்குத்தான் மெல்லாமல் விழுங்குவது சுலபம்" என்றார். களியை நாங்கள் எளிய உணவு என்றே நினைத்து வந்திருக்கிறோம். அது வலுவான தொண்டைகளின் உணவு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒமொரோகுனைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்தேன்.

2020 பிப்ரவரியில் அம்மாவை ஊருக்கு அழைத்துப் போனேன். அடுத்த மாதமே உலகம் கதவடைத்துக்கொண்டது. பாலக்கோட்டில் அண்ணி இருந்தாள், மண்சட்டி இருந்தது, மத்தும் இருந்தது. பருப்பு, கத்தரிக்காய், தக்காளி எல்லாவற்றையும் அண்ணி கடைந்து வடிகட்டிக் கொடுத்தாள். கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சி, திட்டமான பதத்தில் ஊட்டினாள். களியை மட்டும் அங்கே பார்த்த மருத்துவரும் கூடாதென்றுவிட்டார். 2022-இல் இறக்கும்வரை அம்மா களி சாப்பிடவே இல்லை.

நான் கடைசியாகப் பார்த்தபோது, அண்ணி களி கிண்டும் நேரத்தில் தன் நாற்காலியைச் சமையலறை வாசலுக்கு நகர்த்தச் சொல்லி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பானைக்குள் துடுப்பு திரும்பும் ஓசையைக் கேட்டே உள்ளே மாவு கட்டி தட்டியிருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

"கிண்டு" என்பாள்.

அண்ணி இன்னொரு முறை கிண்டுவாள்.